பழைய பெக்டரிக்குக் கீழே குடிதண்ணீர் ஊற்று: மூன்று துளை போதுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கை மலைநாட்டில் அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பல வருடமாக மூடிக் கிடக்கும் தேயிலைப் பெக்டரி. அதன் பின்புறம் மண்ணுக்குள் புதைத்த டீசல் தாங்கி, பக்கத்தில் தேயிலைக்கு அடிக்கும் பூச்சி, களை மருந்துகளை வைத்த பழைய ஸ்டோர். சரிவில் சுமார் 200 மீட்டர் கீழே இரண்டு லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) குடிதண்ணீர் தரும் ஊற்று. மழைக்குப் பிறகு அந்த ஊற்றின் பீலித் தண்ணீரில் எண்ணெய் வாடை வருவதாக முறைப்பாடு போயிருக்கிறது. மண்ணையும் நிலத்தடி நீரையும் ஆராய ஒரு திட்டம் தரும்படி மத்திய சுற்றாடல் அதிகாரசபை கம்பனியிடம் கேட்க, ஆலோசகர் 15 மீட்டர் ஆழத்தில் மூன்று துளை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். "மூன்று துளை போதுமா?" என்பது உங்கள் கேள்வி. வரப்போகும் கூட்டத்தில் உங்கள் தண்ணீர்ச் சங்கம் எதைக் கேட்க வேண்டும் என்பதே உங்களுக்கு முக்கியமாகத் தெரியவேண்டியது என்று நினைத்து எழுதுகிறேன். இந்த ஆய்வுதான் என் தொழில், அதில் பெரும்பகுதி மலைநாட்டுச் சரிவுகளில்தான். ஆனாலும் உங்கள் இடத்தை நான் பார்க்கவில்லை. எத்தனை துளை, எங்கே என்று இங்கிருந்தபடி யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும்கூட.

திட்டத்துக்கு முன்னால் ஒரு விஷயம். வாடை வரும் தண்ணீரை இப்போதே குடிக்கவும் சமைக்கவும் எடுப்பதை நிறுத்த வேண்டும். கொதிக்கவைத்தாலோ குளோரின் போட்டாலோ கிருமி சாகும், டீசலும் மருந்தும் போகாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் பிரதேச சபைக்கும் எழுத்தில் கொடுத்து, பவுசர் தண்ணீரோ வேறு மலையின் ஊற்றோ ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். ஆய்வு முடிய மாதங்கள் ஆகும், ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை மக்கள் எதைக் குடிப்பார்கள் என்று ஒரு பக்கமாவது எழுதாத திட்டத்தை அதிகாரசபை திருப்பி அனுப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சிறு பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் குடிக்கிற தண்ணீர் இது.

சரி, அந்த மூன்று எங்கிருந்து வந்தது? நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கணிக்க, மூன்று இடங்களில் நீர்மட்டம் தெரிந்தால் போதும் என்று ஒரு கணக்கு இருக்கிறது. கரையோரக் கற்பிட்டி மணலில் அது ஓரளவு சரியாகவே வரும். நம் மலைகளில் அதை நம்ப முடியாது. இங்கே அடியில் கிடப்பது மிகப் பழைய உருமாறிய பாறை: நைஸ், சார்னோக்கைட், குவார்ட்சைட், இடையிடையே பளிங்குப் பட்டைகள். மேலே மக்கிய மண் ஒரு போர்வையாக இருக்கிறது. அதன் தடிப்பு ஓரிடத்தில் 2 மீட்டர், கொஞ்சம் தள்ளி 15 மீட்டர் என்று மாறலாம். சரிவுகளில் அதற்கும் மேலே, எப்போதோ சரிந்து வந்து நின்ற மண்ணும் கல்லும் கலந்து கிடக்கும். தண்ணீர் இரண்டு வழியில் போகிறது. ஒன்று, இந்த மக்கிய மண்ணுக்குள் மெதுவாகக் கசிந்து. மற்றது, பாறை வெடிப்புகளின் வழியே சில சமயம் மிக வேகமாக. அந்த 200 மீட்டரை மண் வழியே கடக்கத் தண்ணீருக்கு வருடங்கள் ஆகலாம், வெடிப்பு வழியே ஒரு சில நாள் போதும். மூன்று துளைகளில் இரண்டு மண்ணிலும் ஒன்று வெடிப்பிலும் நின்றுவிட்டால், அந்த மூன்று நீர்மட்டங்களை இணைத்து வரையும் அம்புக்குறிக்கு எந்த அர்த்தமும் இல்லை. இன்னொன்றும் உண்டு. மக்காமல் மிஞ்சிய உருண்டைப் பாறைகள் மண்ணுக்குள்ளேயே புதைந்திருக்கும். துளைக்கும் கருவி அதில் முட்டியதும் "அடிப்பாறை வந்துவிட்டது" என்று பதிவு செய்துவிடுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. அது அடிப்பாறைதானா என்று எப்படி உறுதி செய்வார்கள் என்று கேளுங்கள்.

ஆகவே எண்ணிக்கையைப் பிடித்து வாதாடாதீர்கள். ஒவ்வொரு துளைக்கும் மூன்று விஷயம் கேளுங்கள்: ஏன் இந்த இடம், ஏன் இந்த ஆழம், விடை மோசமாக வந்தால் அடுத்து என்ன செய்வீர்கள். இதற்குத் திட்டத்திலேயே பதில் இருந்தால் அது யோசித்து எழுதிய திட்டம். "வழமையாக இப்படித்தான் செய்கிறோம்" என்று சொன்னால், வேறொரு இடத்துக்கு எழுதியதில் பெயரை மாற்றியிருக்கிறார்கள்.

யோசித்து எழுதுவது என்றால் துளைக்கும் கருவியைக் கொண்டுவருவதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்க வேண்டும். அழுக்கு எங்கே புறப்பட்டது, எந்த வழியாகப் போகலாம், யாரைப் போய்ச் சேரும் என்று ஒரு படமாக வரைந்து, அதில் தெரிந்ததையும் ஊகிப்பதையும் பிரித்துக் காட்ட வேண்டும். இதற்குத் தோட்டத்தின் வரலாறு வேண்டும். 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசுடைமையாகின, 1992க்குப் பிறகு நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் பழைய வரைபடங்களும் ஸ்டோர் புத்தகங்களும் தொலைந்த தோட்டங்கள் பல. ஆனால் ஆட்கள் இருக்கிறார்கள். ஓய்வுபெற்ற டீமேக்கர், என்ஜின் பார்த்தவர், மருந்தடித்த பெரியவர்கள். மின்சாரம் வருவதற்கு முன் என்ஜின் எங்கே நின்றது, கழிவொயிலை எந்தக் கானில் (வடிகாலில்) ஊற்றினார்கள், மருந்து டின்னைக் கழுவியது எங்கே, மிச்சத்தைப் புதைத்தது எங்கே என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். ஸ்டோர் கட்டடத்தை விட அந்தக் கழுவுமிடம்தான் பெரும்பாலும் மோசமாக இருக்கும். 1956இல் எடுத்த வான்படங்கள் நில அளவைத் திணைக்களத்தில் உண்டு. பழைய கட்டடங்கள், கான்கள், அப்போது ஓடிய நீரோடைகள் அவற்றில் தெரியலாம். உங்கள் சங்கம் இப்போதே செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, முதியவர்கள் சொல்வதை இடம் குறித்து ஒரு வரைபடத்தில் ஏற்றி, ஆலோசகருக்கு ஒன்றும் அதிகாரசபைக்கு ஒன்றுமாகக் கொடுப்பதுதான்.

எதைத் தேடுவது என்பதிலும் உங்கள் கையில் இருக்கும் திட்டம் மெலிந்திருக்கிறது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் டீசல் மட்டும்தான் பட்டியலில் இருக்கிறது. டீசல் தண்ணீரை விட இலேசு, நீர்மட்டத்தின் மேலே மிதக்கும். நீர்மட்டம் பருவத்துக்குப் பருவம் ஏறி இறங்கும்போது மண்ணில் ஒரு பட்டையாகப் பூசிக்கொள்ளும். டிடிடி, டீல்ட்ரின் போன்ற பழைய குளோரின் மருந்துகள் அப்படி இல்லை. தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, மண் துகளைப் பிடித்துக்கொள்ளும், மழையில் மண் அரிக்கும்போது அதோடு சேர்ந்து ஓடைக்குப் போகும். அவற்றை நிலத்தடி நீரில் மட்டும் தேடி "இல்லை" என்று எழுதினால், தேடிய இடம் தவறு. ஓடையின் அடிச் சேற்றில் தேட வேண்டும். களைக்கொல்லிகளில் சில தண்ணீரோடு போகும், சில மண்ணில் தங்கும். செம்பு வேறு கதை. 1946இல் கொப்புள நோய் என்ற பூஞ்சண நோய் இலங்கைத் தேயிலைக்கு வந்த பிறகு தலைமுறைகளாகச் செம்பு மருந்து அடித்திருக்கிறார்கள். ஆகவே பெக்டரி நிலத்தில் செம்பு இருந்தால், அது ஸ்டோரிலிருந்து சிந்தியதா, மலை முழுக்க அடித்ததா என்று பிரிக்க வேண்டும். இதற்கு ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரிகள் வேண்டும்: ஸ்டோருக்கு மேலேயுள்ள தேயிலை நிலத்தில் சில, மருந்து படாத காட்டோரத்தில் சில. இரும்பும் மாங்கனீசும் இயற்கையாகவே நம் நிலத்தடி நீரில் கூடுதலாக வரும் இடங்கள் உண்டு, அதையும் இந்த ஒப்பீடுதான் காட்டிக்கொடுக்கும்.

இதோடு சேர்த்து ஒரு எளிய சோதனை. ஊற்றில் வானவில் நிறத்தில் படலம் தெரிந்தால் ஒரு குச்சியால் கலைத்துப் பாருங்கள். கண்ணாடிச் சில்லுப் போல உடைந்து தனித்தனியாக நின்றால் பெரும்பாலும் இரும்புப் பக்டீரியா, ஆபத்தில்லாத இயற்கைப் படலம். சுழன்று மறுபடி ஒன்றாகக் கூடினால் எண்ணெய். இது ஒரு அறிகுறிதான், ஆய்வுகூட முடிவுக்கு மாற்றாகாது. அதேபோல, மழைக்குப் பிறகுதான் வாடை வருகிறது என்பது எனக்கு முக்கியமான தடயமாகப் படுகிறது. நிலத்தடி வழியே டீசல் வந்திருக்கலாம், அல்லது மழைநீர் ரோட்டுக் கானிலிருந்து நேராக ஊற்றுத் தொட்டிக்குள் இறங்கியிருக்கலாம். இரண்டாவது என்றால் தொட்டியை மூடி மேலே ஒரு கான் வெட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். எது என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் திட்டம் இரண்டையும் சோதிக்க வேண்டும்.

மண் மாதிரிகளுக்கு வருவோம். தாங்கியின் நான்கு பக்கமும் அடியும், எண்ணெய்க் குழாய் போன பாதை, ஸ்டோர் வாசல், கழுவுமிடம், கானின் முடிவு என்று சந்தேகமுள்ள இடங்களில் குறிவைத்து எடுப்பது முதல் வேலை. ஆனால் யாரும் அறியாமல் புதைத்த குவியல் அதில் சிக்காது. அதற்குச் சதுரக் கட்டம் போட்டு எடுக்க வேண்டும், அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 10 மீட்டர் அகலமான ஒரு வட்ட அழுக்குத் திட்டை 95 வீத நம்பிக்கையோடு கண்டுபிடிக்க வேண்டுமென்றால், புள்ளிகளுக்கிடையே சுமார் 8.5 மீட்டர் இடைவெளிதான் விடலாம். அரை ஏக்கர் நிலத்துக்கு அது ஏறக்குறைய 28 புள்ளி. இவ்வளவும் ஆழத் துளையாக இருக்கத் தேவையில்லை, கைத்துளைப்பானால் ஒன்றிரண்டு மீட்டர் போதும். செலவும் பெரிதாக வராது. மூன்று ஆழத் துளைக்குப் பணம் இருந்தால் இதற்கும் இருக்கும். மூன்றே துளைகளில் மண் எடுத்துவிட்டு "நிலம் சுத்தம்" என்று ஒரு அறிக்கை சொன்னால், அந்த நிலத்தில் அவர்கள் பார்க்காத பகுதிதான் அதிகம்.

நிலத்தடி நீரைப் பொறுத்தவரை, உங்களிடம் ஏற்கனவே ஒரு கண்காணிப்புக் கிணறு இருக்கிறது: அந்த ஊற்று. ஒரு துளை தன்னைச் சுற்றியுள்ள சிறு இடத்தைத்தான் காட்டும், ஊற்று ஒரு சரிவின் தண்ணீரையே கூட்டிக் கொண்டுவருகிறது. அதைச் சுற்றித்தான் ஆய்வைத் திட்டமிட வேண்டும். ஒரு வாளியும் கைபேசிக் கடிகாரமும் இருந்தால் ஊற்றின் ஓட்டத்தை நீங்களே தினமும் அளக்கலாம். மழை அளவையும் வாடை வந்த நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். கொட்டும் மழைக்குச் சில மணித்தியாலங்களில் ஓட்டம் கூடிக் கலங்கினால், மேல்மண் வழியோ நேர்வழியோ இருக்கிறது. நாட்கள் கழித்து மெதுவாகக் கூடினால் ஆழ வழி. அப்படி ஒரு பருவம் முழுக்க எழுதிய கொப்பி எந்த ஆலோசகருக்கும் பெறுமதியானது. மாதிரி எடுக்கும் நாளும் இதைப் பொறுத்ததே. வாடை மழைக்குப் பிறகு வருகிறதென்றால், வெயில் நாளில் பகல் 11 மணிக்கு வந்து எடுத்த ஒரு போத்தலால் எதையும் நிரூபிக்க முடியாது. காய்ந்த நாளில் ஒன்று, மழை தொடங்கிய முதல் மணித்தியாலங்களில் ஒன்று, ஒன்றிரண்டு நாள் கழித்து ஒன்று என்று எடுக்க வேண்டும். உங்கள் பக்கம் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவம், ஜனவரி முதல் மார்ச் வரை காய்ந்த காலம். இந்த இரண்டுக்கும் குறைந்தது ஒவ்வொரு சுற்று வேண்டும், ஒரு வருடத்தில் நான்கு சுற்று என்றால் நான் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவேன்.

துளைக்குள் குழாய் இறக்கிக் கண்காணிப்புக் கிணறு போடுவதில் இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். முதலாவது, 15 மீட்டர் முழுவதும் சல்லடைக் குழாய் (தண்ணீர் உள்ளே வரத் துளையிட்ட குழாய்) போட்டால் மேல் தண்ணீரும் அடித் தண்ணீரும் கலந்து அழுக்கு நீர்த்துப் போகும். டீசலைத் தேடும் கிணற்றில் சல்லடை நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாக, குறுகியதாக இருக்க வேண்டும், மட்டம் ஏறி இறங்கும் அளவையும் உள்ளடக்கி. இரண்டாவது, இதைத்தான் நான் மிகவும் அஞ்சுகிறேன்: டீசல் ஊறிய மண்ணின் நடுவே ஆழமாகத் துளைத்து பாறை வெடிப்புக்குள் போனால், அதுவரை மேலே தேங்கி நின்றதைக் கீழே இறக்க நாமே வழி திறந்துவிடுகிறோம். அந்த வெடிப்பு உங்கள் ஊற்றில் போய் முடியலாம். ஆகவே வெளியிலிருந்து உள்ளே, மேலிருந்து கீழே என்ற வரிசையில் போக வேண்டும். ஆழத் துளை அவசியம் என்று முதல் கட்ட முடிவு காட்டினால் மட்டும், மேல்மண்ணைக் குழாய் இறக்கி பெண்டனைட் களியால் அடைத்த பிறகு பாறைக்குள் இறங்கலாம். தாங்கிக்குள் இன்னும் எண்ணெய் இருந்தால் இதற்கெல்லாம் முன்னால் அதை வெளியே எடுக்க வேண்டும், அதற்கு எந்த ஆய்வு முடிவும் தேவையில்லை.

சரிவையும் மறக்காதீர்கள். துளைக்கும் கருவியை இறக்க ரோடு வெட்டுவது, சரிவின் அடியில் பெரிய குழி தோண்டுவது, அதுவும் மழைக்காலத்தில், லயத்துக்கு மேலே என்றால் விளையாட்டு இல்லை. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையில் லயங்களை மூடிய மண்சரிவை மலைநாட்டில் யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்தைப் பெற்றார்களா என்று கேளுங்கள்.

ஆய்வுகூடத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயத்தில் அழுத்தம் கொடுக்கிறேன். அறிக்கையில் "கண்டறியப்படவில்லை" என்று வந்தால், எந்த அளவுக்குக் கீழே கண்டறியப்படவில்லை என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் குடிதண்ணீரில் ஆல்ட்ரினும் டீல்ட்ரினும் சேர்ந்து லீட்டருக்கு 0.03 மைக்ரோகிராம் என்று வழிகாட்டி அளவு வைத்திருக்கிறது. ஆய்வுகூடக் கருவிக்கு 0.1க்குக் கீழே தெரியாது என்றால், "இல்லை" என்ற அந்த விடை உங்களுக்கு உதவாது. ஆகவே ஒவ்வொரு இரசாயனத்துக்கும் கருவி காணக்கூடிய மிகக் குறைந்த அளவு திட்டத்திலேயே இருக்க வேண்டும், ஒப்பிடும் அளவை விட அது குறைவாகவும் இருக்க வேண்டும். எண்ணெய்க்கும் மருந்துக்கும் கண்ணாடிப் போத்தல், ஐஸ் பெட்டி, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற பதிவு, சரிபார்க்க இரட்டை மாதிரி, சுத்தமான வெறும் தண்ணீர் மாதிரி எல்லாம் வழமையான ஒழுங்குகள். நீங்கள் சோடாப் போத்தலில் எடுத்து வைத்திருக்கும் தண்ணீரை ஆதாரமாகக் கொடுக்க வேண்டாம், அதை எளிதில் தள்ளிவிடுவார்கள்.

அதிகாரசபையின் மேற்பார்வை எங்கே பயன்படும் என்றால், முடிவு வருவதற்கு முன்னால் விதியை எழுதவைப்பதில்தான். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டம் நீரை மாசாக்குவதையும் மண்ணை மாசாக்குவதையும் தடைசெய்கிறது. குடிதண்ணீருக்கு எஸ்எல்எஸ் 614 என்ற இலங்கைத் தரம் இருக்கிறது. மண்ணுக்கு நெதர்லாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளின் அளவுகளை ஆலோசகர்கள் எடுப்பது வழக்கம். அந்த அளவுகள் நிலத்தின் பயன்பாட்டைப் பொறுத்து வெகுவாக மாறும். தொழிற்சாலை நிலத்துக்கு ஒன்று, வீட்டு நிலத்துக்கு மிகக் கடுமையான வேறொன்று. பெக்டரி நிலத்தில் நாளை வீட்டுத் திட்டம் வரக்கூடும் என்றாலோ, இப்போதே லயத்து ஆட்கள் அங்கே மரக்கறி போடுகிறார்கள் என்றாலோ, தொழிற்சாலை அளவை எடுக்க விடாதீர்கள். எந்த அளவு, எந்தப் பயன்பாடு, தாண்டினால் எத்தனை நாளில் என்ன நடவடிக்கை என்று முதலிலேயே எழுதி ஒப்புக்கொள்ள வேண்டும். முடிவு கைக்கு வந்த பிறகு அளவைத் தேடினால், முடிவுக்குப் பொருந்தும் அளவு ஒன்று எப்படியும் கிடைத்துவிடும். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கில், மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கொடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. அதுவரை மக்கள் வருடக்கணக்கில் காத்திருந்தார்கள். அங்கே சுண்ணாம்புக்கல், இங்கே வெடிப்புப் பாறை, தண்ணீர் ஓடும் விதம் வேறு. ஆனால் யார், எப்போது, எப்படி மாதிரி எடுத்தார் என்ற கேள்வி இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான்.

கூட்டத்துக்குப் போகும்போது கோரிக்கைகளைக் கடிதமாகவே கொண்டுபோய்ப் பிரதியில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மாதிரி எடுக்கும் நாட்களை முன்கூட்டியே சங்கத்துக்கு அறிவிக்க வேண்டும், அதிகாரசபை உத்தியோகத்தர் நேரில் நிற்க வேண்டும், ஊற்று மாதிரியில் ஒரு பங்கை வேறு ஆய்வுகூடத்துக்கும் அனுப்ப வேண்டும், களத்தில் துளையின் இடம் மாறினால் காரணத்தோடு எழுத வேண்டும், முதல் கட்ட முடிவைப் பார்த்த பிறகே இரண்டாம் கட்டத் துளைகளைத் தீர்மானிக்க வேண்டும் என்று கேளுங்கள். திட்டத்தின் பிரதியைத் தர மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதிகாரசபையின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். பிரதி கைக்கு வந்ததும் துளைகளின் இடம் குறித்த வரைபடத்தையும் இரசாயனப் பட்டியலையும் இங்கே போடுங்கள், ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்து என் கருத்தை எழுதுகிறேன்.